விதி ஏழு, விதி பதினொன்று

பொகவந்தலாவையில் ஆடி மாதம்.
பெக்டரியின் மேல்மாடியில், வாட்டுத் தொட்டிகளுக்கு நடுவே
கொழுந்துச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து
விதிகள் எழுதுகிறேன், இயந்திரத்துக்குப் புரியும்படி.
அதாவது
ஒரே ஒரு பொருள் மட்டும் வரும்படி.

"நல்லா வாடினதும் ரோதையில போடு."
இந்த ஒரு வரியில் மூன்று நாள் போனது.
நல்லா என்றால் எவ்வளவு?
வாடினதும் என்றால் உடனேயா, பிறகு எப்போதாவதா?
போடு என்று யார் யாருக்குச் சொல்கிறார்கள்?

விதி ஏழு:
ஈரம் ஐம்பத்தெட்டுக்கு இறங்கும் வரை
ரோதை சுழலாது. எப்போதும்.
விதி பதினொன்று:
பதினெட்டு மணிநேரத்துக்கு மேல்
கொழுந்து தொட்டியில் கிடக்காது. எப்போதும்.

எப்போதும் என்பதற்கு எங்கள் கணக்கில் ஒரு பெட்டி.
என்றாவது என்பதற்கு ஒரு சாய்சதுரம்.
பெட்டிக்குள் வைத்ததை ஒரே ஓர் இரவு பொய்யாக்கிவிடும்.
சாய்சதுரத்தை, கெடு எழுதாவிட்டால்,
எந்த இரவாலும் பொய்யாக்க முடியாது.
இன்னும் நேரமிருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.
(ஏழு பேர்ச் காணி தருவோம் என்றவர்கள்
தர்க்கம் படித்தவர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.)

நிரலை ஓடவிட்டேன்.
கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள்
எட்டே படிகளில் ஓர் எதிர் உதாரணத்தைக் கொண்டுவந்து வைத்தது:
மாலை நாலரை, நனைந்த கொழுந்து.
பனிமூட்டம்.
விறகும் நனைந்திருக்கிறது.
காற்றில் சூடு ஏறவில்லை.
பதினொன்றுக்கு மின்சாரம் போகிறது.
இரண்டரைக்கு வருகிறது.
காலை பத்தரை, பதினெட்டு மணிநேரம் முடிந்தது.
ஈரம் அறுபத்து மூன்று.
இனி ரோதை சுழலவும் கூடாது
கொழுந்து கிடக்கவும் கூடாது.

இப்படி ஓர் இரவு வந்ததே இல்லை என்றார்
டீமேக்கர் அபேகோன். பதிவேட்டைத் திறந்து காட்டினார்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு.
மூன்று ஆடி மாதங்கள்
ஒரே கையெழுத்தில்.

இரவு வேலைக்கு வந்த மருதவீரனிடம்
எட்டுப் படிகளையும் வாசித்துக் காட்டினேன்.
"இது போன வருஷமா, அதுக்கு முந்தியா?" என்றான்.
பிறகு விசிறி இரைச்சலுக்குள் குரலை வைத்துச் சொன்னான்:
"அறுபத்து மூணுலயும் போட்டிருக்கேன் மிஸ்.
அழுத்தத்த கொறச்சு, கொஞ்சம் கூட ஓடவிட்டு.
கெடந்தா எல்லாமே செவந்து நாறிப்போகும்.
போட்டா பாதியாவது தேறும்.
ஆனா ஐம்பத்தெட்டுன்னு எழுதலன்னா எனக்கு அரைப்பேரு.
இத எழுதிராதீங்க."

நான் பிறந்தது மஸ்கெலியா லயத்தில்.
அரைப்பேர் என்றால் என்னவென்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.
கிலோ குறைந்தால் நாள் பாதி.
இந்த மலையிலேயே
ஒரே ஒரு பொருள் மட்டும் வரும்படி எழுதப்பட்ட விதி
அதுதான்.

என் மாதிரியில் மருதவீரன் ஒரு வட்டம்.
பொத்தானை அழுத்தும் வட்டம்.
இரண்டு பெட்டிகள் மூன்று வருடம் முட்டிக்கொள்ளாமல் நின்றது
அந்த வட்டத்தின் பொய்யின் மேல்.

விடியும்போது எழுதினேன், விதி பன்னிரண்டு:
ஏழும் பதினொன்றும் மோதினால் பணியில் இருப்பவர் தீர்மானிப்பார்.
உள்ள ஈரத்தை உள்ளபடி எழுதுவார்.
அதற்காக அவர் பேர் பாதியாகாது.

அபேகோன் மூன்றாம் வரியில் விரல் வைத்தார்.
"இது மெஷினைப் பற்றியது இல்லையே."
மூன்றாவதை எடுத்தால் இரண்டாவது பொய்யாகும்,
நிரலிடமே கேளுங்கள் என்றேன்.
இப்படியெல்லாம் நடக்கும் என்று யார் சொன்னது என்றார்.
எட்டாம் படி என்றேன்.

நெடுநேரம் மலையைப் பார்த்தார். மலை தெரியவில்லை.
"கொழும்புக்கு அனுப்புகிறேன். பார்ப்போம்."

பார்ப்போம்.
சாய்சதுரம்.

அவர் பேனாவையே வாங்கி
அதன் பக்கத்தில் எழுதினேன்:
செப்டம்பர் முதலாம் திகதி, மாலை நாலரைக்குள்.